ஹார்ட்வேர் வாலட் வந்தாச்சு, பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடி சில சந்தேகம் – குன்னூர்

குன்னூர்_பச்சைத்தேயிலை

எல்லாருக்கும் வணக்கம். குன்னூருக்குக் கீழ கொஞ்சம் தேயிலை வெச்சிருக்கோம். 2021ல இருந்து ஃபேக்டரில இலைக்காசு வர்றப்பெல்லாம் அதுல கொஞ்சம் எடுத்து பிட்காயின் வாங்கிட்டு வர்றேன். எல்லாமே எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விக்கற சைட்) கணக்குலதான் கிடக்கு. 2024 ஜூலையில வாசிர்எக்ஸ்ங்கற எக்ஸ்சேஞ்ச்ல சுமார் 23 கோடி டாலர் திருட்டுப் போச்சே, அதுல என் பணம் இல்லை. இருந்தாலும் அங்க மாட்டுனவங்க மாசக்கணக்குல காத்துக் கிடந்ததைப் பார்த்ததுல இருந்து மனசு ஆறல. அதான் ஒரு ஹார்ட்வேர் வாலட் (காயினோட சாவியை நெட்டுக்கு வெளிய வெச்சுக்கற சின்னக் கருவி) ஆர்டர் பண்ணிட்டேன்.

பெட்டி இன்னும் பிரிக்கல. எங்க ஊருக்குக் கூரியர்காரர் வீடு வரைக்கும் வரமாட்டார். மேல ரோட்டு பேக்கரியில கொடுத்துட்டு போன் பண்ணுவார். மழை விடாம பெஞ்சதால நான் போய் எடுக்க நாள் ஆயிருச்சு. நடுவுல யாராவது கை வெச்சிருந்தா எப்படித் தெரிஞ்சுக்கறது?

அடுத்தது, வாலட்டைத் திரும்ப மீட்கறதுக்குக் கருவி கொடுக்கற அந்த 24 வார்த்தை. பேப்பர்ல எழுதி வைக்கச் சொல்றாங்க. நம்ம ஊர் ஈரத்துல பீரோவுக்குள்ள வெச்ச பட்டா நகலே பூசணம் பூத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. லேமினேட் பண்ணா போதுமா? இல்லை போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோத்தகிரி_மூடுபனி

அண்ணா, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். போட்டோ வேண்டவே வேண்டாம். போன்ல எடுக்கற படம் நீங்க கேக்காமலே கூகுள் போட்டோஸுக்கோ ஐகிளவுடுக்கோ ஏறிடும். அந்த வார்த்தைகள் நெட் இருக்கற எந்தக் கருவியையும் தொடக்கூடாது, அதுக்காகத்தான் நீங்க காசு கொடுத்து இந்த டப்பாவை வாங்கியிருக்கீங்க. வாட்ஸ்அப்ல நமக்கு நாமே அனுப்பிக்கறது, ஜிமெயில் டிராஃப்ட், எக்ஸெல் ஷீட், பிரின்ட் அவுட் எல்லாத்துக்கும் இதே பதில்தான்.

இன்னொண்ணு தெளிவா புரிஞ்சுக்கங்க. உங்க பிட்காயின் அந்த டப்பாவுக்குள்ள இருக்காது. பத்திர ஆபீஸ் புத்தகத்துல நிலம் உங்க பேர்ல இருக்கற மாதிரி, காயின் பிளாக்செயின்ங்கற பொதுப் பதிவேட்டுல இருக்கு. டப்பாவுல இருக்கறது கையெழுத்துப் போடற சாவி மட்டும்தான். அந்தச் சாவி பிறக்கறது 24 வார்த்தையில இருந்து. டப்பா தண்ணியில விழுந்தா வேற டப்பா வாங்கி அதே வார்த்தையைப் போட்டா எல்லாம் திரும்ப வந்துரும். வார்த்தை வேற ஆள் கைக்குப் போனா, டப்பா உங்க பாக்கெட்ல பத்திரமா இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இப்போ பார்சல் விஷயம். ஹோலோகிராம் ஸ்டிக்கர் கிழியாம இருக்குன்னு மட்டும் நம்பாதீங்க. 2023ல காஸ்பர்ஸ்கிங்கற கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கம்பெனிக்காரங்க ஒரு போலி டிரெசர் மாடல் டி ஹார்ட்வேர் வாலட்டைப் பிரிச்சுப் பார்த்தாங்க. வெளியில அப்படியே ஒரிஜினல், ஸ்டிக்கர் உட்பட. உள்ள சிப்பை மாத்தி, ஃபர்ம்வேரையும் (கருவிக்குள்ள ஓடற மென்பொருள்) திருத்தி வெச்சிருந்தாங்க. புதுசா வார்த்தை உருவாக்கற மாதிரி காட்டிட்டு, திருடன் முன்னாடியே தயார் பண்ண 20 செட்ல ஒண்ணைக் கொடுக்கும். வாங்குனவர் காசு போட்டதும் அவன் எடுத்துக்கிட்டான்.

அதனால நீங்க பாக்க வேண்டியது இதுதான். தயாரிப்பாளர் கிட்டயோ, அவங்களே தங்களோட சைட்ல பட்டியல் போட்டிருக்கற விற்பனையாளர் கிட்டயோ வாங்குனீங்களா? ஆன்லைன் சந்தையில யாரோ ஒரு கடைக்காரர்னா திருப்பி அனுப்பிடுங்க. பெட்டிக்குள்ள ஏற்கனவே வார்த்தை எழுதுன அட்டையோ, சுரண்டிப் பாக்கற அட்டையோ இருந்தா அதுவும் மோசடிதான். கருவியை ஆன் பண்ணதும் பின் நம்பர் கேட்டுச்சுன்னா யாரோ ஏற்கனவே அதை செட் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். புதுக் கருவி பின் கேக்காது, புதுசா வெக்கத்தான் சொல்லும்.

இதெல்லாம் சரியா இருந்தா கம்பெனி ஆப்பை இறக்கி அசல்தானான்னு சோதிக்கற பரிசோதனையை ஓட விடுங்க. கருவிக்குள்ள இருக்கற ரகசியச் சாவியை வெச்சு சிப் தன்னை நிரூபிக்கும். பேக்கரியில நாலு நாள் கிடந்தது, நாப்பது நாள் கிடந்ததுங்கற கவலைக்கு நியாயமான பதில் கொடுக்கறது அந்தச் சோதனை மட்டும்தான்.

லவ்டேல்_77

எனக்கு ஒரு சந்தேகம் நண்பர்களே. ஐயாயிரம் பத்தாயிரம் போட்டு வெச்சிருக்கறவங்களுக்கு இவ்வளவு வேலை தேவையா? எக்ஸ்சேஞ்ச்லயே விட்டா என்ன?

கோத்தகிரி_மூடுபனி

தேவையில்லை. நல்ல கருவி வாங்கவே அந்தக் காசுல பெரும்பகுதி போயிடும். எக்ஸ்சேஞ்ச்ல இருக்கற காசு போச்சுன்னா உங்க வீட்டுச் செலவு பாதிக்குமா, பிள்ளை படிப்பு பாதிக்குமான்னு யோசிச்சுப் பாருங்க. பாதிக்கும்னா எக்ஸ்சேஞ்ச்ல விடக்கூடாது. பாதிக்காதுன்னா, நல்ல பாஸ்வேர்டு போட்டு, எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதிலா போன்லயே கோடு உருவாக்கற ஆதென்டிகேட்டர் ஆப் வெச்சுக்கங்க, போதும்.

அரவங்காடு_ஃபிட்டர்

நான் பணி ஓய்வு பெற்ற ஃபிட்டர். கிரிப்டோ பற்றி என் மகன்தான் சொல்லிக் கொடுத்தான். இரும்பு பற்றி எனக்குத் தெரியும் என்பதால் பேப்பர் கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன்.

லேமினேஷன் நம் மலையில் நம்பக்கூடியது அல்ல. ஓரத்தில் மயிரிழை இடைவெளி விட்டால்கூட ஈரம் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். ஜெல் பேனா மை பரவிவிடும். பேப்பர்தான் என்றால் பென்சிலால் எழுதுங்கள், கிராஃபைட் தண்ணீரில் கரையாது. ஆனால் அது முதல் நாளுக்கு மட்டும். நிரந்தரத்துக்கு எவர்சில்வர் தகடு.

304 கிரேடு, 2 மில்லிமீட்டர் கனம், உள்ளங்கை அகலம் இரண்டு துண்டு வாங்குங்கள். காந்தம் வைத்துப் பாருங்கள், 304 என்றால் அநேகமாக ஒட்டாது. சாதா இரும்பு இங்கே இரண்டு மழைக்காலத்தில் துருவேறி எழுத்தைத் தின்றுவிடும். அலுமினியம் வேண்டாம், 660 டிகிரியிலேயே உருகும். வீடு தீப்பிடித்தால் அதைத் தாண்டிய சூடு வரும். எவர்சில்வர் 1400 டிகிரி அளவு வரை தாங்கும்.

கோயம்புத்தூரில் ஹார்டுவேர் கடைகளில் எழுத்துப் பஞ்ச் செட் கிடைக்கும். ஏ முதல் இசட் வரை 26 பஞ்ச், 4 மில்லிமீட்டர் எழுத்து. எண்களுக்குத் தனி செட். தகட்டைப் பலகை மேல் வைத்து அடிக்காதீர்கள். மரம் துள்ளும், எழுத்து ஆழமாக விழாது. கனமான இரும்புக் கட்டையின் மேல் வைத்து, பஞ்சை நேராகப் பிடித்து, ஒரே அடியாக அடிக்க வேண்டும். எவர்சில்வர் அடிக்க அடிக்க இறுகும் உலோகம். சின்னச் சின்னதாகத் தட்டினால் இரண்டாவது அடி நகர்ந்து இரட்டை எழுத்தாகத் தெரியும், பிறகு அது E-யா F-ஆ என்று யாருக்கும் புரியாது. முதலில் வேண்டாத துண்டில் அடித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

முழு வார்த்தையும் அடிக்க வேண்டியதில்லை என்று மகன் சொன்னான். முதல் நான்கு எழுத்து போதுமாம். அதைப் பற்றித் தெரிந்தவர்கள் உறுதி சொல்லுங்கள்.

கோத்தகிரி_மூடுபனி

ரொம்ப நன்றி சார், இந்த அளவுக்கு யாரும் விவரமா சொல்லி நான் படிச்சதில்லை. உங்க மகன் சொன்னது சரி. பிஐபி-39ன்னு 2013ல வந்த விதிமுறை. மொத்தம் 2048 வார்த்தை இருக்கற பட்டியல். எந்த ரெண்டு வார்த்தைக்கும் முதல் நாலு எழுத்து ஒண்ணா இருக்காதபடி தேர்ந்தெடுத்திருக்காங்க. மூணெழுத்து வார்த்தைகளும் உண்டு, அதுக்கு நாலாவது இடத்தைக் காலியா விடணும். அதிகபட்சம் 96 எழுத்து. வரிசை எண்ணையும் அடிச்சிருங்க, வரிசை மாறுனா வேலை செய்யாது.

குன்னூர்_பச்சைத்தேயிலை

சார், அருமை. ஆனா எனக்குச் சுத்தியல் வேலை அவ்வளவா வராது. குன்னூர் மார்க்கெட்ல பாத்திரக்கடையில பேர் வெட்டித் தருவாங்களே, அந்த மெஷின்காரர் கிட்ட தகட்டைக் கொடுத்து வெட்டிக்கலாமா? அரை மணி நேரத்துல முடிஞ்சுரும்.

அரவங்காடு_ஃபிட்டர்

கூடவே கூடாது தம்பி. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் வெட்டும்போது கடையில் நிற்பவர், பக்கத்துக் கடைக்காரர், மேலே இருக்கும் சிசிடிவி, எல்லோரும் படிக்கலாம். அந்த வார்த்தைகளை உங்களைத் தவிர வேறு கை எழுதக்கூடாது.

அந்தப் பேர் வெட்டும் மெஷினை நீங்களே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், சின்னது பேனா அளவில் கிடைக்கிறது. ஆழம் குறைவு, ஆனால் ஈரத்துக்கு நிற்கும். இன்னொரு வழியும் உண்டு. எவர்சில்வர் வாஷர் 24, ஒரு நீள போல்ட், ஒரு நட். ஒரு வாஷருக்கு ஒரு வார்த்தையும் வரிசை எண்ணும். எல்லாவற்றையும் போல்ட்டில் கோத்து நட்டை இறுக்கிவிட்டால் எழுத்து வெளியே தெரியாது. தகடு அடிக்கத் தயங்குபவர்களுக்கு இது சுலபம், ஒரு வாஷர் கெட்டுப் போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கெட்டுப் போனதைக் குப்பையில் போடாதீர்கள், அரத்தால் ராவி எழுத்தை அழித்துவிடுங்கள்.

கொடை_பேரிக்காய்

கொடைக்கானல்ல இருந்து எழுதறேன். பள்ளிக்கூட வாத்தியார். ஒரு எச்சரிக்கை, இது தமிழ்ல எழுதறவங்களுக்கு மட்டும் வர்ற ஆபத்து, வெளிநாட்டு வழிகாட்டி எதுலயும் இருக்காது.

வீட்டுல அம்மாவுக்கோ மனைவிக்கோ படிக்க வசதியா இருக்கட்டும்னு சிலர் 24 வார்த்தையையும் தமிழ் எழுத்துல எழுதி வைக்கறாங்க. தயவு செஞ்சு அப்படிச் செய்யாதீங்க. பட்டியல்ல அமைதின்னு பொருள் வர்ற ‘பீஸ்’ இருக்கு, துண்டுன்னு பொருள் வர்ற ‘பீஸ்’ஸும் இருக்கு. விலைக்கு ஒரு ‘பிரைஸ்’, பரிசுக்கு ஒரு ‘பிரைஸ்’. ஜோடிக்கும் ‘பேர்’, பேரிக்காய்க்கும் பலர் எழுதறது ‘பேர்’. ஆங்கிலத்துல எழுத்து வேற வேற, தமிழ்ல எழுதுனா ஒண்ணாயிடும். பத்து வருஷம் கழிச்சு எடுத்துப் பாக்கறப்போ எதுன்னு எப்படிச் சொல்வீங்க? நாலஞ்சு இடத்துல இப்படிக் குழப்பம்னா ஒவ்வொரு சேர்க்கையா முயற்சி பண்ணித்தான் பாக்கணும், வீட்ல இருக்கறவங்களுக்கு அது முடியாது.

இந்தப் பட்டியல் ஸ்பானிஷ், ஜப்பானிய மொழி, கொரிய மொழின்னு சில மொழிகள்ல தனியா உண்டு. தமிழ்ல இல்லை. அதனால ஆங்கிலப் பெரிய எழுத்துல, ஒவ்வொரு எழுத்தா, தெளிவா. ஐயா சொன்ன மாதிரி பஞ்ச்ல அடிச்சா இந்தப் பிரச்சினை தானா தீர்ந்துரும்.

கூடலூர்_மிளகுக்கொடி

வணக்கம். நான் இதுல ரொம்பத் தெரிஞ்சவ இல்லை. என் வீட்டுக்காரர் துபாய்ல இருக்கார். அவர் ஒரு டப்பா வாங்கி இங்க பீரோவுல வெச்சுட்டுப் போயிருக்கார். அதுல என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு, எனக்கு எதுவும் தெரியாது. கேட்டா, “உனக்குச் சொன்னா ரிஸ்க்”னு சொல்றார். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யார் கிட்ட போய் நிக்கறது? பேங்க்னா நாமினி இருக்கு. இதுக்கு அப்படி எதுவும் இருக்கா?

புதுவரவு_சப்போர்ட்24

*[இந்தப் பதிவு மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]*

மட்டுறுத்துநர்

மேலே நீக்கிய பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. “உங்கள் வாலட்டைச் சரிபார்க்க இந்த லிங்கில் 24 வார்த்தைகளை உள்ளிடவும்” என்று வந்திருந்தது. கணக்கை முடக்கிவிட்டோம். இந்த இழையில் எழுதிய சிலருக்குத் தனிச்செய்தியும் அனுப்பியிருக்கிறார்கள். எந்தக் கம்பெனியின் சப்போர்ட்டும், எந்தக் காரணத்துக்காகவும் அந்த வார்த்தைகளைக் கேட்காது. கேட்டால் கேட்பவர் திருடர். கூடலூர் சகோதரி, குன்னூர் நண்பர், உங்களுக்கு அப்படிச் செய்தி வந்திருந்தால் பதில் எழுதாமல் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

கோத்தகிரி_மூடுபனி

சரியான நேரத்துல எடுத்தீங்க. இதோட சேத்து இன்னொண்ணு சொல்லணும். 2020ல லெட்ஜர்ங்கற ஹார்ட்வேர் வாலட் கம்பெனியோட வாடிக்கையாளர்கள் சுமார் 2,70,000 பேரோட பேர், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் திருடு போய் வெளிய வந்துச்சு. சாவி எதுவும் போகல, விலாசம்தான் போச்சு. அதை வெச்சு இன்னைக்கு வரைக்கும் ஏமாத்தறாங்க. 2021ல சிலருக்குத் தபால்ல ‘மாற்றுக் கருவி’ன்னு போலி டப்பாவே வந்துச்சு, கம்பெனி லெட்டர்ஹெட்ல கடிதத்தோட. பின்னாடி கியூஆர் கோடு போட்ட கடிதமும் வர ஆரம்பிச்சுது. 2023 நவம்பர்ல மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லயே போலி லெட்ஜர் ஆப் ஒண்ணு இருந்து பலர் காசு போச்சு. அதனால ஆப் தேடறப்போ கூகுள்ல முதல்ல வர்றதை அமுக்காதீங்க. கம்பெனி சைட் முகவரியை நீங்களே டைப் பண்ணிப் போங்க.

கூடலூர் அக்கா, உங்க கேள்விக்கு நிதானமா எழுதணும்.

நாமினி கிடையாது அக்கா. எக்ஸ்சேஞ்ச்ல இருந்தா இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் கொண்டு போய்ப் போராடவாவது ஒரு ஆபீஸ் உண்டு. சொந்த வாலட்ல அதுவும் இல்லை. 2025 அக்டோபர்ல சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவையும் சொத்துன்னு சொல்லியிருக்கு, அதனால வாரிசு உரிமை பேச முடியும். ஆனா வார்த்தை இல்லாம எந்தக் கோர்ட் உத்தரவாலயும் அந்த வாலட்டைத் திறக்க முடியாது. உங்க வீட்டுக்காரர் சொல்ற ரிஸ்க் உண்மைதான், ஆனா அதைவிடப் பெரிய ரிஸ்க்கை உங்க தலையில வெச்சுட்டுப் போயிருக்கார். இதை அவர் கிட்ட கோபப்படாம, விடாம சொல்லுங்க.

வார்த்தையை அவர் உங்க கிட்ட சொல்லக்கூட வேண்டாம். ஒரு கடிதம் எழுதி வைக்கச் சொல்லுங்க. அதுல என்ன காயின் இருக்கு, எந்தக் கம்பெனிக் கருவி, தகடு எந்த இடத்துல இருக்கு, பாஸ்ஃபிரேஸ் (அந்த வார்த்தைகளோட சேத்து நாமளே வெக்கற கூடுதல் ரகசியச் சொல்) போட்டிருக்காரா இல்லையா, ஏதாவது ஆனா யாரை உதவிக்குக் கூப்பிடணும், முக்கியமா யாரைக் கூப்பிடக்கூடாது, இவ்வளவும் இருக்கணும். வார்த்தை அந்தக் கடிதத்துல இருக்கவே கூடாது. தகட்டை பேங்க் லாக்கர்ல வெச்சு, லாக்கருக்கு உங்களை நாமினியா போட்டா பாதி கவலை தீர்ந்துது. அவர் அடுத்த லீவுக்கு வர்றப்போ, அவர் பக்கத்துல உக்காந்து நீங்களே ஒரு தடவை சின்னத் தொகையை அனுப்பிப் பாருங்க. கை பழகிட்டா பயம் போயிடும்.

கூடலூர்_மிளகுக்கொடி

தம்பி, இதை அப்படியே அவருக்கு அனுப்பிட்டேன். படிச்சுட்டுப் போன் பண்ணார். கடிதம் எழுதறேன்னு சொல்லியிருக்கார். ரொம்ப நன்றிப்பா.

லவ்டேல்_77

24 வார்த்தையை ரெண்டாப் பிரிச்சு, 12 இங்க, 12 அங்கன்னு வெச்சா இன்னும் பாதுகாப்பு இல்லையா?

கொடை_பேரிக்காய்

பாதுகாப்பு கூடுற மாதிரி தெரியும், உண்மையில தொலையற வாய்ப்புதான் ரெண்டு மடங்காகுது. ரெண்டுல எது போனாலும் மொத்தமும் போச்சு. அதுவே 12 வார்த்தை செட்டை ஆறு ஆறாப் பிரிச்சா இன்னும் மோசம், ஒரு பாதி கிடைச்சவன் ஊகிக்க வேண்டிய மீதி ரொம்பவே குறைஞ்சிடும். பிரிச்சு வைக்கணும்னா அதுக்குன்னே உருவாக்கின ஷமீர் முறை இருக்கு. மூணு பங்குல எந்த ரெண்டு இருந்தாலும் போதும், ஒண்ணு மட்டும் கிடைச்சவனுக்கு எதுவும் தெரியாது. டிரெசர்ல வருது. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு முழுசா ரெண்டு தகடு, ரெண்டு வேற இடம், அது போதும்னு நான் நினைக்கறேன்.

அரவங்காடு_ஃபிட்டர்

இரண்டு இடம் என்றால் இரண்டும் மலையில் வேண்டாம். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து எத்தனை வீடு போனது, ரோடு எத்தனை நாள் மூடியிருந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஒன்று இங்கே வீட்டில், மற்றொன்று மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ லாக்கரில்.

குன்னூர்_பச்சைத்தேயிலை

எல்லாரும் சொன்னபடி ஒவ்வொண்ணா பண்ணிட்டேன். கம்பெனி சைட்லதான் வாங்கியிருந்தேன். ஆன் பண்ணதும் பின் கேக்கல, புதுசா வெக்கத்தான் சொல்லுச்சு. அசல் சோதனையும் பாஸ். எட்டு இலக்க பின் வெச்சேன். வார்த்தையைப் பென்சில்ல எழுதி, அப்புறம் வாஷர்ல பேர் வெட்டற மெஷின் வெச்சு நானே வெட்டிட்டேன். நடுவுல ஃபர்ம்வேர் அப்டேட் ஓடிட்டு இருந்தப்போ கரண்ட் போயிருச்சு, லேப்டாப் பேட்டரியில தப்பிச்சுது. அது பாதியில நின்னிருந்தா என்ன ஆகும்?

இப்போ எக்ஸ்சேஞ்ச்ல இருந்து எல்லாத்தையும் அனுப்பிடலாமா?

கோத்தகிரி_மூடுபனி

அப்டேட் பாதியில நின்னா திரும்ப முதல்ல இருந்து போட்டுக்கலாம். மோசமாப் போனாலும் கருவி காலியாகும், வார்த்தை கையில இருக்கறவரைக்கும் காசுக்கு ஒண்ணும் ஆகாது. அதனாலதான் அப்டேட் பண்றதுக்கு முன்னாடி தகடு எங்க இருக்குன்னு பாத்துக்கச் சொல்றது.

எல்லாத்தையும் இன்னும் அனுப்பாதீங்க அண்ணா. இப்போ நான் சொல்றதைத்தான் முக்காவாசிப் பேர் செய்யறதே இல்லை.

முதல்ல ரொம்பச் சின்னத் தொகை மட்டும் அனுப்புங்க. வந்து சேந்ததும், கருவி காட்டற அந்த ரிசீவ் முகவரியோட முதல் சில எழுத்து, கடைசி சில எழுத்தைக் குறிச்சு வெச்சுக்கங்க. அப்புறம் வேணும்னே கருவியை அழிச்சுடுங்க. லெட்ஜர்னா மூணு தடவை தப்பான பின் போட்டா தானா அழிஞ்சுரும். டிரெசர்ல அதுக்கு 16 தடவை ஆகும், அதனால செட்டிங்ஸ்லயே அழிச்சுக்கலாம். இப்போ கருவி புதுசு மாதிரி ஆயிரும். பென்சில் பேப்பரைப் பாக்காம, வாஷரை மட்டும் பார்த்து 24 வார்த்தையையும் கருவியிலயே ஏத்துங்க. கம்ப்யூட்டர் கீபோர்டுல இல்லை. மீண்டு வந்ததும் அதே முகவரி வருதா, அதே தொகை இருக்கான்னு பாருங்க.

இருந்துச்சுன்னா உங்க வாஷர் சரி. ஒரு வார்த்தை தப்பா வெட்டியிருந்தா பெரும்பாலும் கருவியே ஏத்துக்காது. கடைசி வார்த்தைக்குள்ள ஒரு சரிபார்ப்பு ஒளிஞ்சிருக்கு, தப்பு தப்பிச்சுப் போக 256ல ஒரு வாய்ப்புதான். தப்புன்னு தெரிஞ்சாலும் இப்போ போறது டீக்காசு. பத்து வருஷம் கழிச்சு தெரியறதுக்கு இன்னைக்கே தெரியட்டும்.

இந்தச் சோதனை முடிஞ்சப்புறம் பென்சில் பேப்பரை அடுப்புல போட்டுருங்க.

குன்னூர்_பச்சைத்தேயிலை

அழிக்கறதுக்குக் கை நடுங்குச்சு, ஆனா பண்ணிட்டேன். 17வது வாஷர்ல ஒரு எழுத்து சரியா விழல, உத்துப் பாத்தப்புறம்தான் புரிஞ்சுது. அதை மட்டும் புதுசா வெட்டிட்டேன். அதே முகவரி, அதே தொகை வந்துருச்சு.

இன்னும் ரெண்டு கேள்வி. எக்ஸ்சேஞ்ச்ல முகவரியை காப்பி பேஸ்ட் பண்றப்போ கவனிக்க வேண்டியது என்ன? பாஸ்ஃபிரேஸ்னு ஒண்ணு கேக்குதே, 25வது வார்த்தைன்னு சொல்றாங்க, அதையும் போடணுமா?

கொடை_பேரிக்காய்

பாஸ்ஃபிரேஸுக்கு நான் சொல்றேன். ஒரு தடவை தப்பா அடிச்சாலும் கருவி தப்புன்னு சொல்லாது. வேற ஒரு காலி வாலட்டைத் திறந்து காட்டும், அவ்வளவுதான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவுல ஒரு ஸ்பேஸ், எது மாறுனாலும் வேற வாலட். தகடு திருடு போனாலும் காசு போகாதுங்கறது அதோட நல்லது. 2020ல கிராக்கன்ங்கற எக்ஸ்சேஞ்சோட ஆய்வாளர்கள் டிரெசர் கருவியைக் கையில வெச்சு சுமார் 15 நிமிஷத்துல மீட்பு வார்த்தைகளை எடுத்துக் காட்டினாங்க, அப்போகூட பாஸ்ஃபிரேஸ் போட்டவங்களுக்கு ஆபத்து இல்லைன்னுதான் சொன்னாங்க. ஆனா மனசுல மட்டும் வெச்சுக்கிட்டா உங்களோடயே போயிடும். போடறதா இருந்தா அதையும் தனியா ஒரு தகட்டுல வெட்டி, வார்த்தை இல்லாத வேற இடத்துல வைங்க. அதுக்கு மனசு இல்லைன்னா போடாம விடறதே நல்லது, வீட்டுக்காரம்மாவை நினைச்சுச் சொல்றேன்.

கோத்தகிரி_மூடுபனி

முகவரி விஷயம். நீங்க காப்பி பண்றதை நடுவுல திருட்டு முகவரியா மாத்தற வைரஸ் உண்டு. அதனால கம்ப்யூட்டர் திரையை நம்பாதீங்க. கருவியோட சின்னத் திரையில தெரியற முகவரியையும் எக்ஸ்சேஞ்ச் பக்கத்துல ஒட்டுனதையும் முழுசா ஒப்பிடுங்க. பழைய பரிவர்த்தனை பட்டியல்ல இருந்தும் முகவரியை எடுக்காதீங்க. முதல் நாலு, கடைசி நாலு எழுத்து ஒத்துப் போற முகவரியில இருந்து சில்லறை அனுப்பி உங்க பட்டியல்ல ஏறி உக்காருவாங்க.

ஒவ்வொரு தடவையும் புது முகவரி காட்டும், பயப்படாதீங்க, பழையதும் வேலை செய்யும். பிட்காயினுக்கு பிட்காயின் நெட்வொர்க்கையே தேர்ந்தெடுங்க. பின்னாடி யூஎஸ்டிடி (டாலர் மதிப்புல ஓடற காயின்) மாதிரி எதையாவது அனுப்பினா எந்த நெட்வொர்க், டிஆர்சி20யா ஈஆர்சி20யான்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டு அனுப்புங்க. சில ஆப்கள்ல வெளிய அனுப்பவே விடமாட்டாங்க, காசு போடறதுக்கு முன்னாடியே அதைக் கேட்டுக்கணும்.

இதுல ஒண்ணை அழுத்திச் சொல்றேன். 2025 பிப்ரவரி 21 அன்னிக்கு பைபிட் எக்ஸ்சேஞ்ச்ல 150 கோடி டாலர் அளவுக்குப் போச்சு. அங்க கையெழுத்துப் போட்டவங்க கையிலயும் ஹார்ட்வேர் வாலட்தான் இருந்துச்சு. வாசிர்எக்ஸ்லயும் பல பேர் கையெழுத்துப் போடற முறை, ஹார்ட்வேர் வாலட் எல்லாம் இருந்துச்சு. ரெண்டு இடத்துலயும் கம்ப்யூட்டர் திரையில ஒண்ணு தெரிஞ்சுது, உண்மையில கையெழுத்து விழுந்தது வேற ஒண்ணுக்கு. கருவித் திரையில புரியாத எழுத்துக் கூட்டம் வந்தா ஓகே அமுக்காதீங்க. நீங்க அனுப்பற முகவரியும் தொகையும் படிக்கற மாதிரி வந்தா மட்டும் அமுக்குங்க. புரியலைன்னா கேன்சல் பண்ணிட்டு இங்க வந்து கேளுங்க, அவசரப்பட்டு இழக்கறதுக்கு ஒண்ணும் இல்லை.

லவ்டேல்_77

எக்ஸ்சேஞ்ச்ல இருந்து சொந்த வாலட்டுக்கு மாத்தினா வரி உண்டா?

கூடலூர்_மிளகுக்கொடி

இதுக்கு நான் பதில் சொல்றேன், ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். நம்மளோட ஒரு கணக்குல இருந்து நம்மளோட இன்னொரு வாலட்டுக்கு மாத்தறது விற்பனை இல்லை. விக்கறப்போ லாபத்துக்கு 30 சதவீதம், அந்த வரித்தொகை மேல 4 சதவீதம் செஸ். இது 2022 ஏப்ரல் 1ல இருந்து. விற்பனைத் தொகையில 1 சதவீதம் டிடிஎஸ், அது அதே வருஷம் ஜூலை 1ல இருந்து. ஒரு காயின்ல வந்த நஷ்டத்தை இன்னொண்ணோட லாபத்துல கழிக்க முடியாது. வாங்குன விலையை மட்டும்தான் கழிக்கலாம், கருவி வாங்குன செலவு, அனுப்பற ஃபீ எதுவும் கழிக்க முடியாது. ரிட்டர்ன்ல இதுக்குத் தனிப் பட்டியல் இருக்கு.

எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி இதுவரைக்கும் வாங்குன தேதி, விலை எல்லாம் இருக்கற ஸ்டேட்மென்டை இறக்கி வெச்சுக்கங்க. 2021ல இருந்து வாங்கியிருக்கீங்க, நாளைக்கு அந்த எக்ஸ்சேஞ்ச் மூடிட்டா என்ன விலைக்கு வாங்குனீங்கன்னு காட்ட வேற வழி இருக்காது.

குன்னூர்_பச்சைத்தேயிலை

அக்கா, இது தோணவே இல்லை. ஸ்டேட்மென்ட் வருஷவாரியா இறக்கிட்டேன். இன்னைக்கு ராத்திரி பாதியை அனுப்பிட்டு, ஆறு கன்ஃபர்மேஷன் (பிளாக்செயின்ல உறுதியாகறது) வந்ததும் மீதியை அனுப்பறேன். ரெண்டாவது செட் வாஷரை அடுத்த வாரம் கோயம்புத்தூர் போறப்போ லாக்கர்ல வெச்சுடறேன்.

ஃபிட்டர் சார், வாஷர்ல எண்ணெய் ஒட்டிட்டு இருக்கு, அப்படியே வைக்கலாமா, கழுவிட்டு வைக்கணுமா?

அரவங்காடு_ஃபிட்டர்

சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக வெயிலிலோ அடுப்பு ஓரத்திலோ காய வைத்துவிட்டுக் கோருங்கள். எண்ணெய் இருந்தால் அழுக்குப் பிடித்து எழுத்தை மூடும். போல்ட்டும் நட்டும் எவர்சில்வர்தானா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் பல நேரம் வாஷரை எவர்சில்வராகக் கொடுத்துவிட்டு நட்டை ஜிங்க் முலாம் போட்டதாகக் கொடுத்துவிடுவார்.

வைக்கும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பை இரண்டு போடுங்கள், வருடம் ஒரு முறை மாற்றுங்கள். அது வாஷருக்காக அல்ல, பக்கத்தில் வைக்கும் கருவியின் திரைக்காக. கேமரா லென்ஸில் பூசணம் பிடிக்கும் ஊர் இது.

குன்னூர்_பச்சைத்தேயிலை

நட் காந்தத்துல ஒட்டுது சார். நாளைக்கே மாத்திடறேன்.